மாடியில் எம்.டி., பேஸ்மென்ட்டில் ஃபைல்: விக்டோரியா கால வீடு ஆபீஸானால் என்ன ஆகும்?

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பார்க் சர்க்கஸ் என்று ஒரு தெரு இருக்கிறது. பெயரைக் கேட்டதும் யானையும் கோமாளியும் ஞாபகத்துக்கு வர வேண்டாம். வட்டமாகச் சுற்றி வரும் தெருவுக்கு பிரிட்டனில் அந்தக் காலத்தில் வைத்த பெயர்தான் சர்க்கஸ். கொல்கத்தாவிலும் இதே பெயரில் ஒரு பகுதி உண்டு, இது அது இல்லை.

நடுவில் சின்னதாக ஒரு தோட்டம். அதைச் சுற்றி வெளிர் மஞ்சள் மணற்கல்லில் வரிசையாக வீடுகள். பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவர். ஒரு வீடு எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரிய வேண்டுமென்றால் கதவு எண்ணைத்தான் பார்க்க வேண்டும். இப்படி நகரத்துக்குள் ஒட்டி ஒட்டிக் கட்டிய பல மாடி தனி வீட்டைத்தான் டவுன்ஹவுஸ் என்கிறார்கள்.

1850-களின் கடைசியில் பணக்கார வியாபாரிகளுக்காக எழும்பிய வீடுகள் இவை. 20-ம் நூற்றாண்டில் பாதிக்கு மேல் ஆயுளை ஆபீஸாகவே கழித்தவை இவற்றில் நிறைய. கடந்த இருபது, இருபத்தைந்து வருடங்களாக ஒவ்வொன்றாக மறுபடியும் வீடாகிக்கொண்டிருக்கின்றன. வீடு ஆபீஸாகி, ஆபீஸ் திரும்பவும் வீடாகும் இந்த விளையாட்டில் கட்டடத்துக்கு என்ன ஆனது என்பதுதான் விஷயம். லண்டன், எடின்பரோ, டப்ளின் என்று எங்கே வேலைக்குப் போனாலும் இப்படி ஒரு பழைய வீட்டின் ஹாலில் இன்டர்வியூவுக்குக் காத்திருக்க நேரலாம். அதனால் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

புகைக்கு எதிர்த்திசையில் ஒரு மேடு

19-ம் நூற்றாண்டு கிளாஸ்கோ என்றால் கப்பல், இரும்பு, பஞ்சாலை, எல்லாவற்றுக்கும் மேலே கரிப்புகை. அந்த ஊரில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து அடிக்கும். அப்படியென்றால் புகை கிழக்குப் பக்கம்தான் போகும். காசு உள்ளவர்கள் மேற்கே நகர்ந்தார்கள். பிரிட்டனின் பல தொழில் நகரங்களில் வசதியான ஏரியா மேற்கில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

1852-ல் நகராட்சி நிலம் வாங்கி பூங்கா அமைக்கத் தொடங்கியது. இன்று அதன் பெயர் கெல்வின்குரோவ் பூங்கா. லண்டனின் கிரிஸ்டல் பேலஸை வடிவமைத்த ஜோசப் பாக்ஸ்டனுக்கும் அதன் திட்டத்தில் பங்கு உண்டு. பூங்காவுக்கு மேலே இருந்த குன்றில் வீட்டு வரிசைகளைத் திட்டமிட்டவர் உள்ளூர் கட்டடக் கலைஞர் சார்லஸ் வில்சன். குன்றின் விளிம்பில் பூங்காவைப் பார்த்தபடி வெளி வளையம், உச்சியில் உள் வளையம். அந்த உள் வளையம்தான் பார்க் சர்க்கஸ். இன்றைய பாஷையில் சொன்னால் ‘பார்க் வியூ பிரீமியம் வில்லா’.

முகப்பில் ஆடம்பரம் குறைவு. வில்சன் ஒவ்வொரு வீட்டையும் தனியாக அலங்கரிக்கவில்லை. வளைவு முழுவதையும் ஒரே மாளிகை மாதிரி காட்டினார். நடு நடுவே மட்டும் கொஞ்சம் முன்னே தள்ளிய பகுதிகள். ஒரு வீட்டுக்காரர் தன் ஜன்னலை மட்டும் இஷ்டத்துக்கு மாற்றினால் மொத்தத் தெருவும் பல் போன வாய் மாதிரி ஆகிவிடும். இன்றைக்கும் அங்கே ஜன்னலைத் தொட அனுமதி கேட்க வேண்டியிருப்பதன் அடிப்படைக் காரணம் இதுதான்.

யார் எந்த மாடியில்?

இந்த வீடுகளின் பிளானை ஒரு தடவை மனதில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

தெரு மட்டத்திலிருந்து சில படி ஏறினால் ஹால். பக்கத்தில் சாப்பாட்டு அறை. முதல் மாடி முழுக்க வரவேற்பறை. வீட்டிலேயே உயரமான கூரை, பெரிய ஜன்னல், அதிகமான வேலைப்பாடு எல்லாம் இங்கேதான், விருந்தாளி பார்ப்பது இதைத்தானே. இரண்டாவது மாடியில் படுக்கையறைகள், கூரை கொஞ்சம் தாழும், வேலைப்பாடும் குறையும். அதற்கும் மேலே சாய்ந்த கூரைக்குக் கீழே பணிப்பெண்களின் அறைகள். அங்கே சுவர் வெறும் சுவர், அலங்காரம் என்ற பேச்சே கிடையாது.

கீழே, தெரு மட்டத்துக்கும் கீழே பேஸ்மென்ட். சமையலறை, துணி துவைக்கும் இடம், ஒயின் அறை. வாசலுக்கும் நடைபாதைக்கும் நடுவே ஒரு பள்ளம் தோண்டி அதன் வழியாக அந்த அறைகளுக்கு வெளிச்சம் விட்டிருப்பார்கள். வேலைக்காரர்களும் சாமான் கொண்டு வருபவர்களும் இறங்குவதற்குத் தனிப் படி. நிலக்கரி சேமிக்கும் அறை பல வீடுகளில் நடைபாதைக்கு அடியிலேயே இருக்கும். பின்னால் ஒரு சந்து, அங்கே குதிரை லாயம், வண்டி நிறுத்துமிடம், மேலே வைக்கோல் பரண்.

ஆக இது ஒரே கூரைக்குக் கீழே இரண்டு வீடு. இரண்டும் முடிந்தவரை ஒன்றையொன்று பார்க்காமல் இருப்பதற்காகவே சுவரும் படியும் போட்டிருக்கிறார்கள். கூரையின் உயரத்தை மட்டும் அளந்தாலே அந்த அறையில் இருந்தவரின் சம்பளத்தை ஓரளவு சொல்லிவிடலாம்.

விழாமல் நிற்கும் படிக்கட்டு

எனக்கு இந்த வீடுகளில் ரொம்பப் பிடித்தது படிக்கட்டுதான். தடித்த கல் படிகள் சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு, கீழே தூணோ உத்தரமோ இல்லாமல் வளைந்து வளைந்து மேலே போகும். பார்த்தால் அந்தரத்தில் தொங்குகிற மாதிரி இருக்கும்.

உண்மையில் தொங்கவில்லை. ஒவ்வொரு படியின் ஒரு முனை சுவருக்குள் சில அங்குலம் புதைந்திருக்கும். படியின் முன் அடி விளிம்பில் ஒரு வெட்டு இருக்கும், அது கீழ்ப்படியின் பின் விளிம்பில் உட்காரும். மேலே நிற்பவரின் எடை படிப்படியாக, நிஜமாகவே படிப்படியாக, கீழே இறங்கித் தரையைச் சேரும். சுவரின் வேலை படி முறுக்கிக்கொள்ளாமல் பிடித்துக்கொள்வது. அதனால் நடுவில் ஒரு படியை எடுத்தால் அந்த ஒரு படியோடு பிரச்சினை முடியாது, அதற்கு மேலே இருக்கும் எல்லாவற்றுக்கும் ஆபத்து. இதைப் பிறகு லிஃப்ட் விஷயத்தில் பார்ப்போம்.

இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர் என்பதால் நடுவில் இருக்கும் படிக்கட்டுக்கு ஜன்னல் வைக்க முடியாது. அதனால் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு. வெயில் மேலிருந்து இறங்கி ஹால் வரை வரும். மின்சாரம் வராத காலத்தில் வீட்டின் நடுப்பகுதிக்கே அதுதான் விளக்கு.

ஏன் ஆபீஸ் ஆச்சு?

காரணம் கட்டடக் கலை இல்லை, ஆள் பற்றாக்குறை. முதல் உலகப் போருக்கு முன்பு பிரிட்டனில் பெண்கள் அதிகம் பார்த்த வேலை வீட்டு வேலைதான். அறைக்கு அறை கணப்பு, ஒவ்வொன்றுக்கும் பேஸ்மென்ட்டிலிருந்து கரி தூக்கிக்கொண்டு மேலே ஏற வேண்டும், சாம்பலை அள்ளிக்கொண்டு இறங்க வேண்டும். வெந்நீரும் அப்படித்தான். போர் வந்ததும் பெண்களுக்குத் தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் வேலை கிடைத்தது. யார் திரும்பிவந்து கரி தூக்குவார்? வேலையாட்கள் இல்லாமல் இந்த வீட்டில் ஒரு குடும்பத்தால் ஒரு குளிர்காலத்தைக்கூட ஓட்ட முடியாது. கார் வந்தது, வசதியானவர்கள் புறநகரில் தோட்டத்தோடு தனி வீடு கட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

காலியான வீடுகளுக்கு வக்கீல்கள், ஆடிட்டர்கள், இன்ஜினீயரிங் ஆலோசகர்கள், கல்வி நிலையங்கள் வந்தார்கள். பக்கத்துத் தெருவான பார்க் டெரஸில் இளைஞர் விடுதி ஒன்று இன்றைக்கும் இருக்கிறது. ஊர் நடுவில் விலாசம், கௌரவமான முகப்பு, அந்தத் தொழில்களுக்கு இது போதும்.

அப்புறம் ஒரு வேடிக்கை நடந்தது. பெரிய மாற்றம் எதுவும் செய்யாமலேயே வீடு ஆபீஸாகிவிட்டது. ஹாலில் ரிசப்ஷன். சாப்பாட்டு அறையில் மீட்டிங் ரூம், மேசைகூட அதே நீளம். முதல் மாடி வரவேற்பறையில் எம்.டி. அல்லது சீனியர் பார்ட்னர். படுக்கையறைகளில் மேனேஜர்களும் கணக்குப் பிரிவும். பணிப்பெண் தூங்கிய பரணில் ஜூனியர்கள், தலை நிமிர்ந்தால் கூரை இடிக்கும். சமையலறையில் பழைய ஃபைல்கள், பின்னாளில் சர்வர்.

ஃபைலைக் கீழே வைத்ததற்கு மரியாதை மட்டும் காரணம் இல்லை. இன்றைய பிரிட்டிஷ் கணக்குப்படி வீட்டுத் தளம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ தாங்கினால் போதும், ஆபீஸ் தளம் 250 கிலோ தாங்க வேண்டும், காகிதக் கட்டு அடுக்கும் அறைக்கு அதைவிட நிறைய. மர உத்தரத்தின் மேல் பலகை போட்ட மாடியில் இரும்பு அலமாரிகளை வரிசையாக நிறுத்தினால் தரை தொட்டில் மாதிரி வளையும். தரை மேல் நேராக உட்கார்ந்திருக்கும் பேஸ்மென்ட்தான் கவலையில்லாத இடம்.

ஆனாலும் வரவேற்பறைக்கு எம்.டி.யும் பரணுக்கு டிரெய்னியும் போனதற்குப் பொறியியல் காரணம் எதுவும் கிடையாது. பிளானே அந்தஸ்தைப் பிரிப்பதற்காகப் போட்டது. வந்தவர்கள் அதில் அப்படியே பொருந்திக்கொண்டார்கள்.

ஆபீஸ் காப்பாற்றியதா, கெடுத்ததா?

இரண்டும்தான். முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். குடியிருக்க ஆள் இல்லாத வீடு இடிபடும் அல்லது கூரை ஒழுகி மட்கும். ஆபீஸ் வாடகை வந்ததால் கூரை நின்றது. ஆபீஸ்காரர்களுக்கு அறைக்கு அறை குளியலறை வேண்டியதில்லை என்பதால் சுவரை அதிகம் உடைக்கவும் இல்லை.

கெடுதல் வேறு விதம். வரவேற்பறைக் கூரை 4 மீட்டர் உயரம் வரை போகும். சூடாக்கக் கட்டுப்படியாகாது. அதனால் நடுவில் ஃபால்ஸ் சீலிங், அதில் டியூப்லைட். மேலே சுண்ணாம்பில் வார்த்த இலைகளும் பூக்களும் இருட்டில் மாட்டிக்கொண்டன. பெரிய அறையை ஜிப்சம் பலகையால் மூன்றாகத் தடுத்தார்கள். ஒரே ஜன்னலுக்கு நடுவில் தடுப்பு வந்து முட்டும் காட்சியும் உண்டு.

இதில் ஒரு சூட்சுமம். பழைய கட்டடங்களைப் பாதுகாப்பவர்கள் எப்போதும் கேட்கும் கேள்வி, இதைத் திரும்ப எடுக்க முடியுமா என்பதுதான். அசிங்கமாக இருக்கிறதா என்பது அப்புறம். ஃபால்ஸ் சீலிங் கண்ணை உறுத்தும், ஆனால் கழற்றினால் போச்சு. சில இடங்களில் அதுவே மேலே உள்ள வேலைப்பாட்டைப் பெயின்ட்டிலிருந்தும் ஒயர்மேன்களிடமிருந்தும் காப்பாற்றிக் கொடுத்தது. நாசூக்காகத் தெரியும் சில வேலைகள்தான் திரும்ப எடுக்க முடியாதவை.

உதாரணம் சிமென்ட். மணற்கல் வீட்டில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருந்தது சுண்ணாம்புக் காரை. கல்லுக்குள் போகும் மழை ஈரம் அந்தக் காரை வழியாக வெளியேறும். கல் பிழைக்கும், காரை தேயும், சில பத்தாண்டுக்கு ஒருமுறை காரையை மட்டும் புதிதாகப் பூசினால் போதும். 20-ம் நூற்றாண்டில் ‘கெட்டியாக இருக்கட்டும்’ என்று அங்கே சிமென்ட்டை வைத்துப் பூசினார்கள். ஈரத்துக்கு வெளியே போகக் கல்லைத் தவிர வேறு வழி இல்லாமல் போய், கல்லின் முகமே செதில் செதிலாக உதிர்ந்தது. புகைக்கறை படிந்த சுவர்களை மணல் பீய்ச்சியும் ரசாயனம் போட்டும் வெள்ளையாக்கிய மோகம் இன்னொரு பக்கம். கறையோடு கல்லின் மேல்தோலும் போனது.

அடுத்தது புகைபோக்கி. கணப்பு தேவையில்லை என்று பலகை வைத்து இறுக மூடிவிட்டார்கள். அந்தப் புகைபோக்கிதான் அறையின் எக்ஸாஸ்ட் ஃபேன் என்பது யாருக்கும் தோன்றவில்லை. காற்றோட்டத்துக்கு ஒரு சின்ன துவாரம் விட்டிருந்தால்கூடப் போதும். விடாத இடங்களில் ஈரம் உள்ளேயே தங்கி, சுவரில் பழுப்புத் திட்டுகள்.

தரைக்குள்ளும் ஒரு பொக்கிஷம் உண்டு. ஸ்காட்லாந்து வீடுகளில் மர உத்தரங்களுக்கு நடுவே சாம்பலைக் கனமாக நிரப்பி வைப்பார்கள். மேல் மாடிச் சத்தம் கீழே வராமல் இருக்க. கேபிள் இழுக்க வந்தவர்கள் குப்பை என்று நினைத்து அதை மூட்டை கட்டி வெளியே போட்டதுண்டு. அதற்குப் பிறகு மேலே யார் நாற்காலியை நகர்த்தினாலும் கீழே ஜூம் காலில் இருப்பவருக்குக் கேட்கும்.

குளிருதே, ஜன்னலை மாற்றிடலாமா?

இந்த மாதிரி ஆபீஸில் வேலை பார்ப்பவர்களின் முதல் புகார் குளிர்தான். ஒற்றைக் கண்ணாடி, மேலும் கீழும் நகரும் மரச்சட்ட ஜன்னல். எடுத்துவிட்டு பிளாஸ்டிக் சட்டத்தில் இரட்டைக் கண்ணாடி போட்டால் என்ன?

கிளாஸ்கோ கலிடோனியன் பல்கலைக்கழகம் ஸ்காட்லாந்தின் தொல்சின்னத் துறைக்காக இதையே அளந்து பார்த்தது. ஜன்னலின் உள்பக்கம் ஏற்கனவே இருக்கும் பழைய மரக் கதவுகளை இரவில் மூடினாலே கண்ணாடி வழியாகப் போகும் வெப்பம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பழைய ஜன்னலைத் தொடாமல் உள்ளே இன்னொரு கண்ணாடிச் சட்டம் பொருத்தினால் 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. பல ஆபீஸ்களில் அந்த மரக் கதவுகள் பெயின்ட் அடித்து அடித்துச் சுவர் பெட்டிக்குள் ஒட்டிக்கொண்டு, இருப்பதே தெரியாமல் கிடக்கின்றன என்பதுதான் கொடுமை.

22-ம் நம்பர் வீடு

இந்தத் தெருவில் ஒரு வீட்டைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். 22-ம் எண். வெளியே மற்ற வீடுகள் மாதிரிதான். 1870-களில் உள்ளே ஜேம்ஸ் பூச்சர் என்ற கட்டடக் கலைஞர் இழைத்து வைத்திருப்பது வேறு லெவல். வீட்டுக்காரர் வால்டர் மக்ஃபார்லேன். சாரசென் என்ற வார்ப்பிரும்பு ஆலையின் முதலாளி. தண்ணீர்க் குழாய் முதல் பூங்கா மண்டபம் வரை கேட்டலாக்கில் பார்த்து ஆர்டர் செய்தால் உலகத்தின் எந்த மூலைக்கும் அனுப்பிய கம்பெனி. வீட்டுக்குள்ளும் இரும்பு நிறைய, சொந்தச் சரக்கு அல்லவா.

அந்தச் சரக்கை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம், தெரியாமலேயே. 1897-ல் மைசூரின் பழைய மர அரண்மனை எரிந்துபோன பிறகு புதியதை வடிவமைத்தவர் ஹென்றி இர்வின். சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்திலும் எழும்பூர் கன்னிமாரா நூலகத்திலும் பணியாற்றிய அதே இர்வின். 1912-ல் முடிந்த அந்த அரண்மனையின் கல்யாண மண்டபத்தில் நிற்கும் வார்ப்பிரும்புத் தூண்கள் கிளாஸ்கோவின் சாரசென் ஆலையிலிருந்து கப்பலேறி வந்தவை. மக்ஃபார்லேன் அதைப் பார்க்கவில்லை, 1885-லேயே இறந்துவிட்டார்.

அவர் வீடு 1930-களில் இத்தாலிய சமூகத்தின் சங்கக் கட்டடமானது. பிறகு மாநகராட்சியின் திருமணப் பதிவு அலுவலகம். எத்தனையோ ஜோடிகள் அந்தப் படிக்கட்டில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒரு இரும்பு முதலாளி தன் விருந்தாளிகளுக்காக மட்டும் செய்துகொண்ட கூடத்துக்குள் ஊரில் யார் வேண்டுமானாலும் கல்யாணம் செய்துகொள்ள நுழையலாம் என்ற நிலை. இந்த வீட்டுக்குக் கிடைத்த ஆகச் சிறந்த வேலை அதுதான் என்பது என் கட்சி. பதிவு அலுவலகம் அங்கிருந்து கிளம்பிவிட்டது.

வாசலிலேயே தடுக்கும் படி

பழைய வீடு அழகுதான். ஆனால் சக்கர நாற்காலியில் வருபவருக்கு? வாசலில் படி. உள்ளே படி. பேஸ்மென்ட்டுக்கும் படி. 2010-ன் சமத்துவச் சட்டப்படி நியாயமான மாற்றங்களைச் செய்துதர வேண்டிய கடமை நிறுவனத்துக்கு உண்டு. ஆனால் முன்பு சொன்ன கல் படிக்கட்டை வெட்டி லிஃப்ட் விட முடியாது. பின்பக்கத்துச் சின்ன அறைகளை ஒன்றின் மேல் ஒன்றாகத் துளைத்துச் சின்ன லிஃப்ட் வைப்பது ஒரு வழி. பின்சந்திலிருந்து சாய்தளம் போடுவது இன்னொன்று. அதாவது முன்வாசல் அழகு கெடாமல் இருக்க, மாற்றுத்திறனாளி குதிரை லாயத்துப் பக்கமாக வர வேண்டும். சட்டப்படி சரியாக இருக்கலாம், மரியாதை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தீயும் அதே படிக்கட்டில்தான் பயமுறுத்தும். கண்ணாடிக் கூண்டு வரை திறந்திருக்கும் அந்த வெளி, தீப்பிடித்தால் புகைக்கூண்டாக மாறிவிடும். வெளியேற இருக்கும் முக்கிய வழியும் அதுவே. அதனால்தான் பல ஆபீஸ்களில் மாடிக்கு மாடி தானாக மூடிக்கொள்ளும் கனமான கதவுகள். வெளிச்சம் போய்விட்டதே என்று வருத்தம்தான், ஆனால் இதில் பேரம் பேச முடியாது.

ஸ்காட்லாந்தில் முக்கியமான கட்டடங்களை ஏ, பி, சி என்று பட்டியலிட்டிருக்கிறார்கள். 22-ம் எண் ‘ஏ’ பிரிவு. பட்டியலில் வந்துவிட்டால் வெளிச்சுவர் மட்டும் இல்லை, உள்ளே இருக்கும் படி, கதவு, கூரைப் பூ எல்லாம் சேர்த்தி. தன்மையை மாற்றும் எந்த வேலைக்கும் மாநகராட்சியிடம் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி இல்லாமல் செய்தால் குற்றம்.

மறுபடியும் வீடு

இப்போது ஆபீஸ்கள் ஒரே தளத்தில் எல்லாரும் உட்காரும் கண்ணாடிக் கட்டடங்களைக் கேட்கின்றன. கோவிட்டுக்குப் பிறகு பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை. நாலு மாடியில் சிதறிக் கிடக்கும் அறைகள் யாருக்கு வேண்டும்? அதனால் பார்க் சர்க்கஸ் வீடுகளை மாடி மாடியாகப் பிரித்து அபார்ட்மென்ட் ஆக்குகிறார்கள். தடுப்புகளைக் கழற்றினால் பழைய அறை திரும்பக் கிடைக்கிறது. ஃபால்ஸ் சீலிங்கைப் பிரித்தால் பூ வேலைப்பாடு, சில இடத்தில் முழுசாக, சில இடத்தில் ஏ.சி. குழாய் போன பாதையில் ஓட்டையோடு.

ஆனால் அந்தக் காலத்தில் மொத்த வீட்டுக்கும் ஒரே சமையலறை, அதுவும் பேஸ்மென்ட்டில். ஆபீஸுக்கு அது தேவையே படவில்லை, மைக்ரோவேவ் வைக்க ஒரு மூலை போதும். நாலு குடும்பம் வந்தால் நாலு சமையலறை, நாலு தண்ணீர்க் குழாய், நாலு கழிவுக் குழாய். விருந்தாளிகளை அசத்துவதற்காக வார்த்த முதல் மாடிக் கூரைக்குக் கீழே அடுப்பு வர வேண்டும். கவனமாகச் செய்பவர்கள் அதை ஒரு பெரிய மரப்பெட்டி மாதிரி அறையின் நடுவே நிறுத்துகிறார்கள். நாலு பக்கச் சுவரையும் தொடாது, கூரையையும் தொடாது. நாளைக்கு இந்த வீடு வேறு எதுவாகவாவது மாறினால் தூக்கிக்கொண்டு போய்விடலாம்.